எஸ் தட்டுனா வர்ற பேரு

அய்யோ, டேபு பக்கத்துல இருக்கற அந்தப் பட்டன அமுக்கிறாதீங்க தம்பி, அணைஞ்சு போயிரும்! அணைஞ்சா மறுக்காத் தொறக்க முடியாதுங்க. வெரல் வெச்சாத்தான் தொறக்கும், அதும் எங்க ஊட்டுக்காரரு வெரலு. நம்பரும் ஒண்ணு இருக்குதாமா, அது அவரு மனசோட இருக்குது. அரை மணி நேரம் கை படலைன்னா தானாவே தூங்கிப் போயிரும். அதனால நீங்க என்ன பேசிக்கிட்டு இருந்தாலும் ஒரு வெரலு அது மேல இருக்கட்டும்.

அவர வரச் சொல்றதா? வர மாட்டாருங்க. நீங்க வேலையப் பாருங்க.

பேரா? சாரதாமணின்னு எழுதிக்குங்க. எங்குளுது பனியன் கம்பெனி, ஜாப் ஒர்க்கு. கீழ கம்பெனி, மேல ஊடு. போன் நம்பர் வேண்டாமுங்க. நான் எங்கயும் போகல, இந்த ஸ்டூல்லயே உக்காந்திருக்கறேன், முடிச்சுக் கையில குடுங்க.

கோளாறெல்லாம் ஒண்ணுமில்லீங்க. மெயில் எழுதறப்ப, ஆளு பேரு போடற எடத்துல ஒரு எழுத்துத் தட்டுனா, கீழ நாலஞ்சு பேரு வந்து நிக்குதுல்லீங்க, நான் முந்தி நீ முந்தின்னு? அதுல பழைய ஆளுக நெறையாச் சேந்து போச்சு. அதுகள எடுத்துப் போடோணும், அவ்வளவுதான். மெயில அழிக்க எனக்குத் தெரியும். அழிச்சுட்டு அப்பறம் குப்பத்தொட்டிக்குள்ள போயி அங்கயும் அழிக்கோணும், அதெல்லாம் எனக்கு அத்துபடி. ரண்டு வருசமா அந்தப் பொழப்புத்தான். ஆனா மெயில அழிச்சாலும் பேரு போகாதுங்கறது மட்டும் தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா நான் எதுக்குங்க இந்த வெய்யல்ல உங்க கடைக்கு வர்றேன்.

மொத்தமா அழிச்சுப் போட்டா ஆவாதுங்களா? ஓகோ. இந்த மிசினுக்குள்ள இருக்கறது போயிரும், நெட்டுல இருக்கறது போகாது. பாஸ்வேர்டு தெரிஞ்சவன் வேற மிசின்ல தொறந்தா எல்லாப் பேரும் மறுபடி வந்து நிக்கும். கெரகமே! நல்ல வேளை, வர்ற வழியில நொய்யல்ல வீசிப்போடலாமான்னு நெனச்சேன், பாலத்து மேல வண்டிய நிறுத்திக்கூடப் போட்டேன், வீசாம வந்தேன். பாஸ்வேர்டு எம் பையனுக்குத் தெரியுமுங்க. மாத்தலாம், ஆனா மாத்துனா அவன் போனுக்குத்தான ஓடிபி நம்பரு போகும்? அப்ப ஒவ்வொண்ணா உள்ள போயித்தான் எடுக்கோணும். எடுங்க.

அது மோருங்க. அந்த ஓரத்துல வெள்ளையா ஒட்டியிருக்கறது. சாப்பாட்டு நேரத்துல எடுத்துக்கிட்டு வந்தனா, பட்டிருச்சு. குடுங்க, முந்தானையில தொடச்சறேன்.

காதா? கதவு இடிச்சுருச்சு. எங்க ஊட்டுக் கதவுக்குக் கையி காலு எல்லாம் உண்டுங்க தம்பி.

பி தட்டுங்க. பெரியகருப்பன்னு வருதா? அயன் மாஸ்டரு, வேலைய உட்டு நாலு வருசமாச்சு. எடுங்க. அதுக்குக் கீழ இருக்கறது ஏதோ ஒரு வெளிநாட்டு பையரு, ஒரு ஆர்டரு குடுத்தான், டீசர்ட்டு சுருங்கிப் போச்சுன்னு ஓடிப் போயிட்டான். எடுங்க. எம் தட்டுங்க. மகுடேஸ்வரன்... அவரு நூல் கமிசன்காரரு, செத்துப் போயிட்டாருங்க பாவம், போன ஆடியில. செத்தவங்க பேரெல்லாம் இதுல எப்பிடி நிக்குது பாருங்க, தட்டுனா ஓடி வருது. எடுத்துருங்க.

அப்பறம் எஸ்.

ஆமாங்க. ரண்டு பேரு வரும். கீழ இருக்கறது சாயப்பட்டறை, அது இருக்கட்டும். மேல இருக்கறத எடுத்துருங்க.

...நீங்க சூட்டியான ஆளுதான். ஆமா, அது பழசில்ல. இன்னைக்குக் காலையிலகூட அதுக்கு ஒரு மெயில் போயிருக்குது, அதும் உண்மதான். மத்ததெல்லாம் சும்மா சொன்னனுங்க. பெரியகருப்பன் பேரு இருந்தா என்ன, போனா என்ன. இது ஒண்ணு போகோணும். இது ஒண்ணுதான்.

எதுக்குன்னு கேக்கறீங்களா? நீங்க தெக்கத்திப் பக்கமுங்களா? சொல்லுங்கம்மா சொல்லுங்கம்மான்னு ஒரு இழுப்பு இழுக்கறீங்களே, அதான் கேட்டேன். முனீசும் அப்பிடித்தான் இழுப்பான். சரி, கேட்டுக்கிட்டே கைய ஓட்டுங்க. நாலு மணிக்குள்ள முடியோணும். நாலு மணிக்கு எம் பையன் நித்தீசு வந்துருவான். பொண்டாட்டி ஊட்டுக்குக் கணியூரு போயிருக்கறான், விருந்துக்கு.

அது எம் புள்ள ஐடிங்க. சுபஸ்ரீ.

முனீசு எங்க கம்பெனியில ஓவர்லாக் டெய்லரு. நல்ல வேலைக்காரன். நிமுந்து பாக்க மாட்டான். எம் புள்ள மட்டும் எப்பிடியோ பாக்க வெச்சுட்டா. காலேஜ் முடிச்சுட்டு கம்பெனிக்குக் கணக்கெழுத வந்தவ, கணக்க உட்டுப்போட்டு மத்ததெல்லாம் பண்ணிட்டா. நம்ம ஆளுக இல்ல, நம்ம ஊரு இல்ல, சொந்தமா ஒரு ஓட்டு வில்லகூட இல்ல. தெரிஞ்சப்ப நானே ரண்டு அறை குடுத்தேன். பொய் சொல்ல மாட்டேன், குடுத்தேன்.

எங்க ஊட்டுக்காரரு அறையோட நிக்கற ஆளில்ல. ஈஸ்வரமூர்த்தின்னா எங்க ரோட்டுல எல்லாருக்கும் தெரியும். வாங்க போங்கன்னுதான் பேசுவாரு, ஏனுங்க சாமி சாப்புட்டீங்களான்னு கேட்டுக்கிட்டே அடிப்பாரு. ஒரு ஞாயித்துக்கெழம, கம்பெனி லீவு. அவசர ஆர்டரு, ஓவர்டைமுன்னு முனீசுக்கு போன் பண்ணி வரச் சொன்னாங்க. சோத்துப் போசியத் தூக்கிக்கிட்டு வந்தானுங்க, கேனப் பையன். ஷட்டர இறக்கிட்டாங்க, அப்பனும் மகனும்.

துணி ரோலு மாட்டறதுக்கு ஸ்டேண்டுல ஒரு இரும்புப் பைப்பு இருக்குமுங்க, கை நீளத்துக்கு, கனமா. கட்டிங் டேபிளு மேல அவன் வலது கைய விரிச்சு நித்தீசு அமுக்கிப் புடிச்சுக்கிட்டான். எங்க ஊட்டுக்காரரு அந்தப் பைப்புல ஒவ்வொரு வெரலா அடிச்சாரு. ஒவ்வொண்ணுக்கும் நிறுத்திக் கேட்டாரு, இந்த வெரலுங்களா எம் புள்ளையத் தொட்டது? அப்ப இதுங்களா? டெய்லருக்கு வெரலு போச்சுன்னா மிச்சம் என்னங்க இருக்குது. மேல ரூமுக்குள்ள பூட்டி வெச்ச சுபா கதவுல தலைய முட்டிக்கிட்டுக் கெடந்தா. நான் படிக்கட்டுல நின்னு ரண்டு சத்தத்தையும் கேட்டேன். வெரலு ஒடையற சத்தம் ஒண்ணும் பெருசா இல்லீங்க. முருங்கக்கா ஒடிக்கறாப்பலத்தான்.

அப்ப நான் என்ன பண்ணுனேன் தெரியுமுங்களா? டீ வெச்சேன். கீழ இருந்து டீ கொண்டான்னு சத்தம் வந்துச்சு, வெச்சு எடுத்துக்கிட்டுப் போனேன். நித்தீசு ஒரு வாய் குடிச்சுட்டு, சக்கர பத்தலம்மான்னான். மறுபடி மேல ஏறி, சக்கர எடுத்தாந்து, கலக்கிக் குடுத்தேன். முனீசு டேபிளுக்கு அடியில கெடந்தான். என்னப் பாத்து, அம்மா தண்ணின்னான். குடுக்கலீங்க. பயம். எங்கையில சக்கர டப்பா இருந்துச்சு, பக்கத்துல தண்ணிக் கேனு இருந்துச்சு, ஒரு டம்ளரு மோந்து குடுக்கல. த்தூ, நானெல்லாம் ஒரு பொம்பளன்னு அன்னைக்கு நெனச்சது, இன்னி வரைக்கும் போகல.

அவன வேன்ல போட்டுக்கிட்டுப் போயி சாமளாபுரத்துப் பக்கம் ரோட்டோரமாத் தள்ளிட்டு வந்தாங்க. அவன் எந்த ஸ்டேசனுக்கும் போகல, எங்க போறது? எம் புள்ளைய பதினோரு நாளு ரூமுல போட்டு பெல்டுல அடிச்சாங்க. தெனம் ரண்டு வேள, மாத்திரை குடுக்கறாப்பல. முதுகெல்லாம் பொளந்து போச்சு, சட்ட தோலோட ஒட்டிக்கிச்சு, வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி ஊத்தித்தான் பிரிச்சேன். பன்னண்டாம் நாளு தாராபுரத்துல ஒரு எழவு, ரண்டு பேரும் போயிட்டாங்க. ரூமுத் தொரப்ப எடுத்துப் பூட்டத் தொறந்து உட்டேன். அவ நம்பாம என்னையே பாத்தா. ஓடு நாயேன்னேன். ஓடிட்டா.

அதுக்கு எனக்கும் கெடச்சதுங்க. ரண்டு எலும்பு. அது கெடக்குது உடுங்க.

தம்பி, வெரலு, வெரலு. லேசா மங்குது பாருங்க. தடவுங்க. ஆங். என்ர உசுரே போயி வந்துச்சு.

அப்பறம் பேசறது எப்பிடி? எம் போன தெனம் சாயங்காலம் வாங்கி நித்தீசு பாப்பான், யாரு கூப்பிட்டா, யாருக்கு வாட்சப்பு, எல்லாம். ஆனா மெயிலுன்னா அது யாவாரம், அதுல பொம்பளைக்கு என்ன வேலைன்னு ரண்டு பேருக்கும் நெனப்பு. எனக்கு செக்கிங் செக்சன். ஓட்டை, ஆயில் கறை, ஊசிக்கோடு, எல்லாத்தையும் இந்த டேபுல போட்டா புடிச்சு, ஆர்டரப் பாத்துக்கற மெர்ச்சண்டைசருக்கு அனுப்போணும். காலையில அவரு வெரல் வெச்சுத் தொறந்து குடுப்பாரு, மத்தியானம் சாப்பாட்டுக்கு வாங்கிக்குவாரு. மறுபடி தொறந்து குடுப்பாரு, சாயங்காலம் வாங்கிக்குவாரு. நடுவுல வேல நிக்கக் கூடாதுன்னுதான் அரை மணி நேரம் வெச்சிருக்கறது. ஒரு நாளைக்கு நூறு மெயிலு போகும். அந்த நூத்துல ஒண்ணு எம் புள்ளைக்கு. சிநேகிதி ஒருத்தி கையில ஐடிய எழுதிக் குடுத்து உட்டிருந்தா.

தலைப்புல ஆயில் கறைன்னு போடுவேன். அப்பத்தான் யாரு பாத்தாலும் சந்தேகம் வராது. உள்ள, கண்ணு சாப்புட்டியா, அவன் கை எப்பிடி இருக்குது, அவ்வளவுதான். இங்கிலீசு எழுத்துலயே தமிழ அடிக்கப் பழகிட்டேன், அம்பது வயசுல. அவளும் ஆயில் கறைன்னுதான் பதில் போடுவா. முனீசு இப்ப வாச்மேனா இருக்கறான், இவ தைக்கறா. நாலு மாசத்துக்கு முன்னால ஒரு போட்டா அனுப்பினா. கருப்பா, வெள்ளையா, ஒண்ணும் புரியல. கீழ எழுதியிருந்தா, சேம்பிள் ஓகே ஆயிருச்சும்மான்னு. ஸ்கேன் போட்டாங்க அது. செக்கிங் டேபிள்ல நின்னுக்கிட்டு, அழுகவும் முடியாம, சிரிக்கவும் முடியாம, ஒரு டீசர்ட்ட எடுத்து மூஞ்சியத் தொடச்சுப் போட்டேன். பாத்தா பாஸ் பண்ணுன பீசு. அத நானே ரிஜெக்ட்டுல போட்டேன்.

இப்ப ஏழாம் மாசம். வளையல் போடோணுமில்லீங்களா? அம்மா இருந்தும் கை மொட்டையாவா இருப்பா? நேத்து எழுதினேன், கண்ணு, கொரியர்ல வளையல் அனுப்பறேன், ஊடு மாத்திட்டேன்னியே, புது அட்ரசக் குடுன்னு. பதில் வரலைன்னு மறுபடி ஒண்ணு போட்டேன். அப்பவும் வரல, மூணாவதா ஒண்ணு. அதுதான் வெனையாப் போச்சு. அடிக்கடி எழுதுன பேரு மேல ஏறி நின்னுக்குமாமா, நீங்கதான் இப்பச் சொன்னீங்க. பாசந்தானுங்க எம் புள்ளையக் காட்டிக் குடுத்துருச்சு.

எங்க ஊட்டுக்காரருக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாது. ஆறாவதோட சரி. ஆனா மெயிலு அனுப்புவாரு! முதல் எழுத்து மட்டும் மனப்பாடம். பையனுக்கு என். சாயப்பட்டறைக்கு எஸ். எழுத்தத் தட்டுவாரு, மேல எது வந்து நிக்குதோ அதுல ஒரு குத்து. போட்டாவ மாட்டி அனுப்பிருவாரு. சிரிக்காதீங்க, இந்த ஊருல எத்தன மொதலாளிக அப்பிடியே ஒலகம் பூரா யாவாரம் பண்றாங்க. எப்பவும் சாயப்பட்டறைதான் மேல நிக்கும். இன்னைக்குக் காலையில எம் புள்ள நின்னா.

கலர் ஒத்து வரலைன்னு ஒரு துணிய போட்டா புடிச்சு அனுப்பிட்டு, சாயப்பட்டறைக்காரன் பதிலுக்கு செக்கிங் டேபிள்ல வந்து உக்காந்துக்கிட்டாரு. டங்குன்னு வந்துச்சு பதிலு. மோனிசா, இதப் படிங்க கண்ணுன்னாரு. மோனிசா எங்க செக்கிங் புள்ள, பன்னண்டாவது. வாங்குனா, சத்தமா ஆரம்பிச்சா. அம்மா, நீ அனுப்புன கலர்ல புடவ வேண்டாம், வளையல் மட்டும் போதும், புது ஊட்டு அட்ரஸ்... அதோட நின்னுட்டா. அவளுக்குப் புரிஞ்சு போச்சு.

படிங்கன்னாரு. நெட்டுப் போயிருச்சுங்கன்னா. அவ்வளவுதான், சடையப் புடிச்சு டேபிளு விளிம்புல மோதுனாரு பாருங்க, ஒண்ணு, ரண்டு, மூணு. நெத்தி பொளந்து, அடுக்கி வெச்ச வெள்ளப் பீசு மேலெல்லாம் ரெத்தம். படிங்க கண்ணு, படிங்க கண்ணு. அவ வாயே தொறக்கலீங்க. கட்டிங் மாஸ்டர் குணாவக் கூப்புட்டாரு. எனக்கு இங்கிலீசு வராதுங்கன்னுட்டான். அவன் டிப்ளமா படிச்சவன்! ஒவ்வொரு மிசினா டேபக் கொண்டு போயி நீட்டுனாரு. அத்தன பேரும் தெரியாதுங்க, தெரியாதுங்க, எழுத்தே தெரியாதுங்கன்னு தலைய ஆட்டிட்டாங்க. காலேஜ் படிச்சதுக, பேங்கு பரிச்ச எழுதுனதுக எல்லாம். முனீசு வெரலு ஒடைஞ்ச கதை அந்த மிசினுகளுக்கெல்லாம் தெரியுமுங்க. அன்னைக்கு நான் ஒரு டம்ளரு தண்ணி குடுக்கல. இன்னைக்கு அந்தப் புள்ளைக மண்டை பொளந்தும் ஒரு வார்த்தை குடுக்கல.

சரி, படிக்கறதுக்கு எம் பையன் இருக்கறானுட்டு, நித்தீசுக்கு போனப் போட்டாரு. சிக்கிட்டாடா, கெளம்பி வா, நாலு மணிக்குப் போலாம். மெயிலுன்னு வாய் உடலீங்க, அது ஒண்ணுதான் நல்ல காலம். அவன் அங்கிருந்து என்ன சொன்னான்னு கேக்கல, இவரு சிரிச்சாரு. தாய் எட்டடி பாஞ்சாக் குட்டி பதினாறடிம்பாங்க. எங்கூட்டுல அப்பன் எட்டடி, மகன் பதினாறடி. அப்பனுக்காச்சும் கை வலிச்சா நிறுத்துவாரு.

அந்தப் பைப்பக் கையிலயே எடுத்துக்கிட்டு மேல வந்தாரு. வந்து கதவச் சாத்திட்டு, ஏனுங்க அம்மிணி, ரண்டு வருசமா எனக்கே பூ சுத்திட்டீங்களேன்னு, இந்தக் காதுல. கேக்கறதுல பாதி அந்தப் பக்கம் போச்சு. கீழ உழுந்தவ அவரு காலப் புடிச்சுக் கெஞ்சுனேன். ஏழு மாசமுங்க, ஏழு மாசமுங்கன்னேன். அது வரைக்கும் அவருக்கு வளையலுக்கு அர்த்தம் புரியலீங்க. நாந்தான் சொல்லிக் குடுத்தேன். ஓகோ, அப்பிடியா, அப்ப மொத அடி அங்கதான்னுட்டு, பைப்பக் கதவு மூலையில சாத்தி வெச்சாரு. வெச்சுப் போட்டு, பசிக்குது, சோறு போடுங்கன்னாரு. டேபப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டு உக்காந்தாரு.

என்னங்க, முடிஞ்சுதா? எடுக்கலாங்களா? இருங்க, இருங்க. அதுக்கு முந்தி ஒரே ஒரு மெயில் அடிச்சுக் குடுங்க, எனக்குக் கை வரல. எஸ் தட்டுங்க. அவ பேரு மேல வருதுல்ல, அதையே குத்துங்க. தலைப்புல ஆயில் கறைன்னு போடுங்க, அப்பத்தான் அம்மான்னு தெரியும். கண்ணு, இனிமே அம்மா எழுத மாட்டேன். இந்த ஐடியில இருந்து என்ன வந்தாலும் பதில் போடாத. அம்மான்னு போட்டு வந்தாலும் போடாத. வளையல நீயே வாங்கிப் போட்டுக்க. முனீசுகிட்டச் சொல்லு, அன்னைக்குத் தண்ணி... வேண்டாம், அது வேண்டாம். அழிங்க. வளையலோட நிறுத்திருங்க. அனுப்புங்க.

சொன்னாப் போதும், பேர வேற எதுக்கு எடுக்கோணும்னு கேக்கறீங்களா? எம் புள்ளைய எனக்குத் தெரியாதுங்களா. நாளைக்கு நித்தீசு உக்காந்து எஸ் தட்டுவான். கண்ணு, அம்மாவுக்கு ஒடம்புக்கு முடியல, ஒருக்கா வந்துட்டுப் போன்னு எழுதுவான். எத்தன சொல்லியிருந்தாலும் மனசு கேக்காது. பெத்தவளுக்கு எழுதறோம்னு நெனச்சு அட்ரசோட எழுதிப் போடுவா, இன்னைக்கு எழுதுனாப்பலயே. அவனுக்கு அவ பேரே கெடைக்கக் கூடாதுங்க.

போன மெயில அழிச்சுட்டீங்களா? குப்பத்தொட்டி? சரி. இப்பப் பேரு. அதுங்களா, அந்த மூணு புள்ளி... உள்ள போயி... ம். என்ன கேக்குது? நெசமா எடுக்கறதான்னு கேக்குதுங்களா? ஆமான்னு குடுங்க.

எஸ் தட்டுங்க பாக்கலாம்.

சாயப்பட்டறை மட்டுந்தான் வருது. சு போட்டுப் பாருங்க. ஒண்ணும் வரல. மறுபடி தட்டுங்க. வரல. அப்பாடா. மாரியாத்தா.

அவரு வந்து கேட்டா என்ன சொல்வீங்கன்னா கேக்கறீங்க? இந்த நெலமையில எப்பிடிம்மா ஊட்டுக்குப் போவீங்கன்னா? நல்ல மனசு தம்பி உங்களுக்கு. அவரு கேக்க மாட்டாருங்க. கொழம்பு ஊத்துனேன், ரசம் ஊத்துனேன், நல்லாத்தான் சாப்புட்டாரு. மோருன்னாரு. குனிஞ்சு மோர ஊத்திட்டு, செம்பக் கீழ வெச்சுட்டு, மூலையில இருந்த பைப்ப எடுத்து அடிச்சேன். பின்மண்டையில. மொத அடிக்குத் திரும்பிப் பாத்தாருங்க, உப்புப் பத்தலைங்கறாப்பல. அப்பறம் எத்தன அடின்னு நான் எண்ணல. எலையிலயே கவுந்துட்டாரு.

பயப்படாதீங்க, உங்கள ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அதுக்குத்தான் போன் நம்பர் வேண்டாம்னேன். அவரு வெரலெல்லாம் மோருஞ்சோறு. வெச்சா இது தொறக்கல. சோத்துக் கையி பாருங்க. சொம்புத் தண்ணிய ஊத்திக் கழுவி, முந்தானையில தொடச்சு வெச்சேன், தொறந்துச்சு. காலையில அவ போட்ட பதில மொத வேலையா அழிச்சேன். அட்ரச நான் படிக்கலீங்க, உள்ளங்கையில மறைச்சுக்கிட்டேதான் அழிச்சேன். ஸ்டேசன்ல அடிச்சுக் கேட்டாக்கூட எனக்குத் தெரியாதுன்னா அது நெசமா இருக்கோணுமில்லீங்களா.

ஸ்டேசன் இந்த ரோட்டுலயே போனா வருமுங்களா, இல்ல பாலத்துக்கு அந்தப் பக்கமா? சரி, நடந்தே போயிக்கறேன். வண்டித் தொரப்பு இங்கயே இருக்கட்டும், நித்தீசு வந்தாக் குடுத்துருங்க. அவங்கிட்ட இந்த டேபையும் குடுத்துருங்க, பயமில்லாமக் குடுங்க.

அட, வெரல எடுங்க தம்பி. இன்னும் எதுக்குத் தடவிக்கிட்டே இருக்கறீங்க? போதுமுங்க, அணையட்டும் உடுங்க.